பக்கத்து சீட்டு

அழுத்துங்கம்மா என்கிறான் யூனுஸ், அழுத்துகிறேன். விடுங்கம்மா என்கிறான், விடுகிறேன். பிரேக்கை அழுத்துவதில் என்ன வித்தை இருக்கிறதோ, தூக்கி நிறுத்திய பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து இவர் வேறு, "முழுசா அழுத்து கலா, பாதியில விட்டுறாத" என்கிறார். முப்பத்திரண்டு வருஷமாகப் பாதியில் விடாத ஒருத்தியிடம் சொல்கிற பேச்சா இது. மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒர்க்‌ஷாப், தகரக் கூரை, மத்தியான வெயில் கூரையிலிருந்து நேராக என் உச்சந்தலைக்கு இறங்குகிறது. கார் என்னவோ தரையோடு தரையாக இருக்கிறது. இதில் ஏறுவதென்று சொல்லக்கூடாது, இறங்குவதென்றுதான் சொல்ல வேண்டும், முதலில் இடுப்பை இறக்கி, பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு. புடவையோடு. இவருக்குக் குனிந்தால் வயிறு இடிக்கிறது, அதனால் இவர் குனிவதில்லை. யூனுஸின் ஆள் லீவு. "சும்மா வா, வண்டியைப் பாத்துட்டு வந்துரலாம்" என்று கூட்டி வந்ததன் அர்த்தம் இப்போது தெரிகிறது, காலுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. ஸ்பின்னிங் மில் மகுடீஸ்வரனின் மனைவி கலாமணி, பிரேக் மிதிக்கும் பதவி. அழுத்துங்கம்மா. அழுத்தியாயிற்று. பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சிகப்பு லைட்டு எரியுதுங்க சார், பிரேக் சுவிச்சு நல்லாத்தான் இருக்குது" என்று யூனுஸ் இவரிடம் சொல்கிறான். என்னிடம் சொல்லவில்லை. பிரேக்கிடம் யார் சொல்வார்கள்.

நான் உட்கார்ந்திருப்பது டிரைவர் சீட்டில். இது என் சீட்டு இல்லை. என் சீட்டு இதோ இடப்பக்கம் காலியாகக் கிடக்கிறது, அதன் மேல் யூனுஸ் ஒரு ஸ்குரூ டிரைவரையும் எண்ணெய்த் துணியையும் போட்டு வைத்திருக்கிறான். எடுப்பா அதை என்று வாய்வரை வருகிறது. மூன்று ஆள் உயரத்துக்கு வீடு, அதில் பன்னிரண்டு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேஜை, மில்லில் இவர் அறையில் நான் போனால் உட்காரச் சோபா, இத்தனையும் இருந்தும் என்னுடையது என்று நான் நினைப்பது இந்தக் கிழிந்த தோல் சீட்டைத்தான். சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சீட்டில் உட்கார்ந்தால்தான் இந்த மனுஷர் நான் சொல்வதைக் கேட்கிறார். பழைய கார் கிளப்பின் ரேலி என்றால் வேகமாக ஓட்டுகிறவன் ஜெயிப்பதில்லை, சொன்ன வேகத்தில் சொன்ன நேரத்துக்கு கிளப் ஆள் நிற்கிற ஒவ்வொரு முனையையும் தாண்டுகிறவன்தான் ஜெயிப்பான். ஓட்டுகிறவர் ஒருவர், பக்கத்தில் வழி சொல்கிறவர் ஒருவர். மடியில் எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தத் திருப்பம் என்று எழுதிய ரோட்டு அட்டை, கையில் ஸ்டாப் வாட்ச், கண் மீட்டரில். இடது. மெதுவா. இன்னும் மெதுவா. இப்ப விடுங்க. அடுத்த வலது இல்லை, அதற்கு அடுத்தது. நான் சொல்லச் சொல்ல இவர் கை திரும்புகிறது, கால் இறங்குகிறது. ஒரு கேள்வி கிடையாது, உனக்கென்ன தெரியும் கிடையாது. கோத்தகிரி வரைக்கும் நான் முதலாளி. மேலே போய்க் கப்பை வாங்கிக்கொண்டு இறங்கி நின்றதும், "கலா, பிளாஸ்க்ல காப்பி இருக்குதா?" என்று ஆரம்பித்துவிடுவார், அதோடு என் ராஜ்ஜியம் முடிந்தது. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாளை மறுநாள் கழித்து வருகிறது. அதற்குத்தான் இத்தனை அமர்க்களம்.

விடுங்கம்மா. விட்டேன். எதிரே போர்டில் மூன்று விளக்கு ஒரு வாரமாக எரிகிறது. ஒன்று சிவப்பு, பிரேக்குக்கு. ஒன்று மஞ்சள், அவசரமாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏ.பி.எஸ். மூன்றாவதில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவன் வயிற்றுக்கு முன்னால் உருண்டையாக ஒன்று. பிள்ளைத்தாச்சி மாதிரி இருக்கிறான், பாவம். இடித்தால் காற்றுப் பையாக விரிகிற ஏர்பேகுக்கு அதுதான் அடையாளமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப்பின் பரிசோதகர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, சாவியைத் திருப்பச் சொல்லி, எல்லா விளக்கும் எரிகிறதா, எரிந்தது எல்லாம் அணைகிறதா என்று பார்ப்பார். பல்பைப் பிடுங்கிவிட்டு ஏமாற்ற முடியாது. எரியாவிட்டாலும் மார்க் போச்சு, அணையாவிட்டாலும் மார்க் போச்சு. என்னைப் பெண் பார்க்க வந்தபோது இவர் அம்மா இப்படித்தான் பார்த்தாள், சிரிக்கவும் வேண்டும், சிரித்ததும் வாயை மூடவும் வேண்டும். நான் சரியாகச் செய்தேன். பாஸ். "சாவியை மட்டும் தொட்டுறாதீங்கம்மா" என்கிறான் யூனுஸ், "நான் சொல்லும்போது திருப்புனாப் போதும். ஃபேன் தானாச் சுத்தும். சார், செயினை உள்ள போட்டுக்கங்க, தொங்குது." இவர் போட்டுக்கொள்ளவில்லை. யூனுஸ் சொல்லியா இவர் கேட்பார். பானெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாக எனக்கு இவருடைய கழுத்து தெரிகிறது, கழுத்திலிருந்து அஞ்சு பவுன் செயின் ஊசலாடுகிறது, அதற்குக் கீழே கருப்பு ஃபேன். சாவி என் கைக்கு அருகில். ஒரு பல் திருப்பினால் போதும். திருப்பப் போகிறேன் என்று இல்லை. திருப்பினால் போதும் என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான், மாடியில் நின்று கீழே பார்க்கும்போது வருகிற மாதிரி. முதலில் செயின் சுற்றும், பிறகு கழுத்து குனியும், மில்லில் ஒரு முறை துப்பட்டா மாட்டிக்கொண்ட பெண்ணைப் பற்றி இவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "பாத்து நிக்க வேண்டாமா, மெஷினுக்குக் கண்ணா இருக்குது" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். நான் ஊற்றினேன். மெஷினுக்குக் கண்ணா இருக்கிறது. கையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

சிவப்பு அணைந்துவிட்டது. பிரேக் எண்ணெய் டப்பாவுக்குள் மிதக்கிற தக்கை ஒட்டிக்கொண்டிருந்ததாம், யூனுஸ் தட்டிச் சரிசெய்துவிட்டான். மஞ்சளும் அணைந்துவிட்டது, பின் சக்கரத்துப் பக்கம் ஒயர் உரசித் தேய்ந்திருந்ததாம். யூனுஸ் நல்ல வேலைக்காரன், அதைவிட நல்ல பேச்சுக்காரன். தக்கையைத் தட்டியதற்கே, "சார் வண்டின்னாலே தனிங்க, இத்தனை வருசத்து வண்டியை இப்படி யாருங்க வச்சிருக்கறாங்க" என்று நாலு தடவை சொல்லிவிட்டான். இவருக்கு முகமெல்லாம் பல். பம்பாயில் யாரோ முன்பக்கம் இடித்து, வேண்டாமென்று தள்ளிவிட்ட வண்டி. இவர் வாங்கிப் பெயிண்ட் அடித்து, ரேடியேட்டர் மாற்றி, அகலமாகப் பெரிய டயர் போட்டு, குழந்தை மாதிரி கொண்டுவந்தார். நிஜக் குழந்தைக்கு அப்போது பரீட்சை. சம்யுக்தா பத்தாவது. அவளுக்கு டைபாய்டு வந்தபோது இவர் இந்த வண்டிக்கு கதவு ரப்பர் தேடி பெங்களூர் போயிருந்தார். அதையெல்லாம் அவள் மறந்துவிட்டாள். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை, அப்பா என்றால் உயிர். பெண்கள் மறப்பதற்கு ஆள் பார்த்துத்தான் மறக்கிறார்கள், நான் ஒரு தடவை அவள் டைரியை எடுத்து ஒளித்து வைத்ததை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். டயர் என்றதும் ஞாபகம் வருகிறது. பெரிய டயர் போட்டதிலிருந்து மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. சக்கரம் பெரிசானால் சுற்று குறையும், சுற்று குறைந்தால் மீட்டர் குறையும், இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு கிலோமீட்டர் போனால் முப்பது மீட்டரை முழுங்கிவிடும். முதல் வருஷமே கண்டுபிடித்துச் சொன்னேன். "மீட்டர் தப்பாக் காட்டாது, நீ தப்பாப் பாத்திருப்ப" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து மனசுக்குள்ளேயே கூட்டிக்கொள்கிறேன், பத்துக்கு முன்னூறு, இருபதுக்கு அறுநூறு, மேலே போகப்போகக் கூட்டிக் கூட்டி, இவர் காதில் விழுவது இடது, வலது, மெதுவா மட்டும். ஹாலில் அடுக்கி வைத்திருக்கிற அத்தனை கப்பும் அந்த முப்பது மீட்டரில் வந்தது. வந்தவர்களிடம் இவர் வண்டியைக் காட்டுவார்.

"இந்த ஏர்பேக் லைட்டுதாங்க சார் மல்லுக்கட்டுது" என்கிறான் யூனுஸ். என் முழங்காலுக்குக் கீழே ஏதோ பிளக்கை மாட்டி, கையில் வைத்திருக்கும் சின்னக் கம்ப்யூட்டரைப் பார்க்கிறான். டிரைவர் பக்கம் சரியாக இருக்கிறதாம், பக்கத்து சீட்டு லைனில்தான் கோளாறாம். "டேஷ்போர்டுப் பெட்டியைக் கழட்டணும்மா, உள்ளாற உங்க சாமான் இருந்தா எடுத்துக்கங்க." இப்போதுதான் அவனுக்கு நான் ஒருத்தி இருப்பது ஞாபகம் வந்தது. எட்டி எடுக்கிறேன். பென்சில் மூன்று, ஸ்டாப் வாட்ச், கண்ணாடித் துணி, வளைவு ரோட்டில் தலை சுற்றினால் வாயில் போட்டுக்கொள்ள நாரத்தங்காய், பழனி விபூதிப் பொட்டலம். இவருக்குக் கூடத் தெரியாமல் வைத்தது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போதெல்லாம் வலது கையால் வாட்சைப் பிடித்துக்கொண்டு இடது கையை இந்தப் பெட்டியின் மேல்மூடியில் வைத்துக்கொள்வேன். அங்கே ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். எழுத்தைத் தடவினால் ஒரு தைரியம். எல்லாவற்றையும் மடியில் அள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி. யூனுஸ் என் சீட்டில் மல்லாக்கப் படுத்து, செருப்புக் காலை வெளியே நீட்டி, தலையை அடியில் விட்டு டார்ச் அடிக்கிறான். மூடியை நெம்புகிறான். பிறகு, "யா அல்லா" என்கிறான் மெல்ல. பிறகு சிரிக்கிறான்.

"சார், இங்க வாங்களேன். இது லைட்டு கோளாறு இல்லீங்க. லைட்டு சரியாத்தான் சொல்லியிருக்குது." இரண்டு விரலில் எதையோ பிடித்து வெளியே எடுக்கிறான். கறுப்பு டேப் சுற்றிய ஒரு சின்னத் துண்டு, கம்பி இரண்டு நீட்டிக்கொண்டு, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. "ரெசிஸ்டருங்க. பை இருக்கற மாதிரி கம்ப்யூட்டரை ஏமாத்தறது. கம்ப்யூட்டரு கரண்டு விட்டுப் பாக்கும், இது திருப்பிக் குடுக்கும், ஓகோ பை இருக்குதுன்னு லைட்டை அணைச்சுரும். பத்த வச்ச ஈயம் இப்பத்தான் விட்டுருக்குது, அதான் லைட்டு வந்துருச்சு. உள்ளாற பாருங்க, பை இல்லீங்க. காலி. வெறும் மூடி." டார்ச்சைத் திருப்புகிறான். நானும் பார்க்கிறேன். கறுப்பாக ஒரு பொந்து, ஓரத்தில் நூலாம்படை, நடுவில் ஒரு செத்த பல்லி. காய்ந்து வறவறவென்று கிடக்கிறது. பல்லிக்கு அது வசதியான இடமாக இருந்திருக்கும். "யாருங்க சார் இந்த வேலையைப் பாத்தது?" என்று யூனுஸ் கேட்கிறான். இவர் யாரோ நகைச்சுவை சொன்ன மாதிரி மூக்கால் சிரிக்கிறார். "அட, அது வண்டி வாங்குனப்பவே. இடிச்ச வண்டியில்ல, ரெண்டு பையும் வெடிச்சுப் போயிருந்துச்சு. தேடித் தேடி ஒண்ணுதான் கிடைச்சுது. ஸ்டியரிங்ல வெடிச்சது அசிங்கமாத் தெரியும், கண்ணுக்கு நேரா இருக்குதில்ல. இந்தப் பக்கம் மூடியை ஒட்டுனா ஒண்ணும் தெரியாது. ரேலி வேற வந்துருச்சு, லைட்டு அணைஞ்சாப் போதும்னு போட்டோம். மறந்தே போயிட்டேன்."

மறந்தே போயிட்டேன். ஒண்ணுதான் கிடைச்சுது. ஒன்று கிடைத்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று யோசிக்கக்கூட வேண்டியதில்லை, தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரி. அசிங்கமாகத் தெரியுமாம். நான் தெரியமாட்டேன், மூடியை ஒட்டிவிட்டால். எத்தனை வளைவு, எத்தனை பஸ், எத்தனை தடவை அந்த எழுத்தைத் தடவியிருக்கிறேன், உள்ளே இருந்தது பல்லி. ஒரு வருஷம் மலைப்பாதையில் குஞ்சப்பனை தாண்டி மாடு குறுக்கே வந்து இவர் பிரேக் போட்ட போடில் என் நெற்றி போய் அந்த மூடியில் இடித்தது. டங்கென்று சத்தம். காலிப் பானை மாதிரி ஒலித்தது, இப்போது புரிகிறது, அன்றைக்கே அது சொல்லியிருக்கிறது. இவர் உடனே கையை நீட்டி, என் நெற்றியைத் தொடப் போகிறார் என்று முகத்தைத் திருப்பினேன், மூடியைத் தடவிப் பார்த்தார். "விரிசல் ஒண்ணும் இல்லையே?" என்றார். நான் இல்லை என்றேன். அன்றைக்கும் கப் வாங்கினோம். புடைத்த நெற்றியோடு போட்டோ இருக்கிறது, சந்தனம் வைத்த மாதிரி மறைத்திருப்பேன். அன்றைக்கு இவருக்குத் தெரியும். மூடியைத் தடவிய கைக்குத் தெரியும், பின்னால் ஒன்றுமில்லை என்று. மறந்தே போயிட்டேன் என்கிறாரே, மறந்திருந்தால் விரிசலை ஏன் பார்த்தார், விரிசல் விட்டால் காலி என்று தெரிந்துவிடும் என்றுதானே. அல்லது நிஜமாகவே வெறும் மூடிக்காகவா. எது மோசம் என்று தெரியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன், கடையில் இரண்டு புடவையை வைத்துப் பார்க்கிற மாதிரி, இரண்டும் வேண்டாம் என்று எழுந்து வர முடியவில்லை. இந்த ஆள் சாகவேண்டும் என்று நினைக்கிறேன். நன்றாக வார்த்தையாகவே நினைக்கிறேன். வீட்டில் வேண்டாம், ஆஸ்பத்திரியில் ஏ.சி. ரூமில் வேண்டாம், வளைவில், அந்த ஒரே ஒரு பை இவர் மூஞ்சியில் வெடித்து, வெடித்தும் பிரயோஜனமில்லாமல். செயின் இன்னும் தொங்குகிறது.

"அதையே மறுபடி ஈயம் வச்சுப் போட்டுரலாமுங்களா சார்? அஞ்சு நிமிச வேலைங்க. ஞாயித்துக்கெழமைக்கு லைட்டு அணைஞ்சிருக்கும்" என்று யூனுஸ் கேட்கிறான். சரி என்று சொல்லப் போகிறார். சொல்லட்டும். சொன்னதும் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இவர் மீசையைத் தடவுகிறார். பிறகு, "வேண்டாம்" என்கிறார். "அந்த வேலையே வேண்டாம். ஒரிஜினல் பை எங்க கிடைக்கும், பாரு." பெங்களூரில் ஒரு ஆளிடம் கழட்டிய வண்டியில் ஒன்று இருக்கிறதாம், கேட்டால் நாளைக்கு வந்துவிடுமாம், ஆனால் அவன் வாய்க்கு வந்த விலை சொல்வானாம். "சொல்லட்டும். எவ்வளவுன்னாலும் சரி, போடச் சொல்லு. உசுரு விசயம், வெளையாடக்கூடாது" என்கிறார் இவர்.

உசுரு விசயம். என் காதை நான் நம்பவில்லை. இவர் வாயிலிருந்து, எனக்காக, மூன்றாம் மனிதர் முன்னால். வெட்கமாகப் போயிற்று எனக்கு. இப்போதுதானே இவரை ஒரு வளைவில் கொன்றேன், ரத்தத்தைக்கூட கொஞ்சம் பார்த்தேன். நாக்கில் தொட்டு வைத்த நாரத்தங்காய் மாதிரி ஏதோ புளிப்பாக, கண் கரிக்கிறது. என்னடி இது, அம்பத்தேழு வயசில். மனுஷனுக்கு வயசாகிறது, பயம் வந்திருக்கிறது, பக்கத்தில் இருப்பவள் மேல் பயம் வராமலா போகும். சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். அப்பாவும் அப்படித்தான், அம்மா செத்த அன்றைக்கு அழாமல் அவள் செருப்பைக் கழுவி வைத்தார். போன மாசம் எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது இவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார், போன் பேசிக்கொண்டுதான், ஆனாலும் உட்கார்ந்திருந்தார். இப்போது கண் பளிச்சென்று தெரிகிறது, மீட்டர் எண்ணெல்லாம் கண்ணாடி இல்லாமலேயே. ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும், முப்பது மீட்டர் கணக்கை இந்தத் தடவை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கேட்பார். கேட்காவிட்டாலும் சிரிக்கமாட்டார். பச்சைப் புடவை கட்டிக்கொள்ளலாம். செயினை உள்ளே போட்டுக்கங்க என்று நானே கூப்பிட்டுச் சொல்லப் போகிறேன், வாயைத் திறந்துவிட்டேன்.

"அப்ப அம்மாவுக்கு இனிமே கவலை இல்லீங்க" என்கிறான் யூனுஸ், கூலியோடு கொஞ்சம் இனாமும் எதிர்பார்க்கிற குரலில். "அம்மா இல்லப்பா" என்கிறார் இவர். "இந்த ஞாயித்துக்கெழமை பாப்பா உக்கார்றா. சம்யூ பெங்களூர்ல இருந்து சனிக்கெழமை வந்தர்றா. அப்பா-பொண்ணு டீம். பேப்பர்ல படம் எடுக்க வர்றாங்க. ஊட்டுக்காரிக்குக் கண்ணு ஆபரேசன் ஆயிருக்குதில்ல, இனி முடியாது. நம்மளாட்டம் வயசானதுக ஏதோ உக்காந்தா உக்காந்துக்கலாம், எப்படின்னாலும் போயிட்டு வந்துரலாம். அது கல்யாணம் ஆகப்போற புள்ளை. ரெசிஸ்டர் கிசிஸ்டர்னு வெளையாட முடியுமா?" நான் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கதவு திறந்திருக்கிறது. தாழ்ந்த குரலில் பேசவில்லை இவர், தாழ்ந்த குரலில் பேசியிருந்தால்கூட நான் இருக்கிறேன் என்று தெரிந்திருக்கிறது என்று ஆகியிருக்கும். யூனுஸ் மட்டும் ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு, உடனே டார்ச்சை அணைக்கிறான், ஏற்றுகிறான், மறுபடி அணைக்கிறான். திறந்த வாயை மூடிக்கொள்கிறேன். சிரித்ததும் மூட வேண்டும். பாஸ்.

எனக்கு ரெசிஸ்டர் போதும். ஏமாற்றிக்கொண்டு திருப்பிக் கொடுக்கிற அரிசித் துண்டு. என் பெண்ணுக்குப் பை. சரிதானே, எந்தத் தாய் வேண்டாம் என்பாள், என் பெண், என் வயிறு, என்னைக் கேட்டிருந்தால் நானே என் பக்கத்துப் பையைப் பிடுங்கி அவளுக்குக் கொடுத்திருப்பேன். கேட்டிருந்தால். அவள் மேல் ஏன் எனக்கு இப்படி எரிகிறது. எனக்குப் பிறந்த ஒரே பெண்ணின் மேல், டைபாய்டில் ஈரத் துணி போட்டு ராத்திரியெல்லாம் விசிறிய பெண்ணின் மேல். பைக்காக இல்லை, பை என்ன பை. அந்தச் சீட்டு. இடது என்று அவள் சொல்வாள், இவர் திரும்புவார். அவளுக்குத்தான் வீடெல்லாம் கேட்கிறதே, அவள் இடது என்று சொன்னால் சாப்பாட்டு மேஜையே திரும்பும். அவளுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை, போட்டோ, போனில் போடுவாள். எனக்கு. சாவி இங்கேயே இருக்கிறது. இவர் மறுபடி பானெட்டுக்குள் தலையை விட்டு எதையோ ஆட்டிப் பார்க்கிறார், செயின் ஃபேனின் இறக்கையைத் தொட்டுத் தொட்டுப் போகிறது, டிக் டிக் என்று சத்தம்கூடக் கேட்கிறது. விரலைச் சாவியில் வைக்கிறேன். வெயிலில் சுடுகிறது. எடுக்கவில்லை, சுடட்டும். மடியில் போன் துடிக்கிறது, திடுக்கிட்டுக் கையை எடுக்கிறேன். சம்யூ.

"ம்மா, அப்பா சொல்லிட்டாரா?" என்கிறாள். சிரிக்கிறாள், மூச்சு வாங்குகிறது, எங்கேயோ படியேறிக்கொண்டே பேசுகிறாள். சொல்லிட்டார் கண்ணு என்கிறேன். "ஐயோ, அப்பாடா. ஒரு மாசமா சொல்றேன், அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்கன்னு. உனக்கு ஒண்ணும் இல்லைதான? உனக்கும் ரெஸ்ட் வேணும்மா. நீ கோத்தகிரிக்குப் பின்னாடியே நம்ம வண்டில டிரைவரோட வந்துரு, டிபன் எடுத்துட்டு, ஓகே?" ஓகே என்கிறேன். ஒரு மாசம். ஆபரேஷன் அன்றைக்கு இவர் வெளியே உட்கார்ந்து யாரோடு போன் பேசினார் என்று இப்போது தெரிகிறது. "ம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் நெட்ல எல்லாம் படிச்சுட்டேன், மீட்டரை முதல்ல செக் பண்ணணும்னு போட்டிருக்கு. அப்பாகிட்ட கேட்டா கரெக்டாத்தான் காட்டும்கறார். நீதான இத்தனை வருசம் பாத்த. அதுல எதாவது கூட்டணுமா, குறைக்கணுமா? இல்ல, காட்டறதை அப்படியே வச்சுக்கலாமா?" கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். படியேறுவதைக்கூட நிறுத்திவிட்டாள் போல, மூச்சு அமைதியாக இருக்கிறது. கெட்டிக்காரப் பெண். இந்தக் கேள்வியை இந்த வீட்டில் முதல் தடவையாக என்னைக் கேட்டவள். பத்துக்கு முன்னூறு, இருபதுக்கு அறுநூறு, மேட்டுப்பாளையம் போவதற்குள்ளேயே நேரம் கெட்டுவிடும், முனைக்கு முனை தப்பும், இவர் கத்துவார், உனக்கென்ன தெரியும் என்பார், அவளிடம், முதல் தடவையாக அவளிடம், வளைவுக்கு வளைவு, பேப்பர்காரன் நிற்கிற இடம் வரைக்கும். அவளுக்கு அழுகை வரும். சின்ன வயசில் அவள் அழும்போது கீழுதடு மட்டும் தனியாக நடுங்கும். எனக்குத் தெரியும் அந்த உதடு.

"அப்படியே வச்சுக்க கண்ணு" என்கிறேன். "கரெக்டாக் காட்டும். அம்மா அதை நம்பித்தான ஜெயிச்சேன்." தாங்க்ஸ்மா, லவ் யூ என்று முத்தம் ஒன்று கொடுத்துவிட்டு வைத்துவிடுகிறாள். பென்சில், வாட்ச், விபூதி, எல்லாம் மடியிலேயே இருக்கிறது.

"அம்மா, பை வர்ற வரைக்கும் லைன் சரியா இருக்குதான்னு பாக்க இந்த ரெசிஸ்டரையே மாட்டியிருக்கறேன்" என்கிறான் யூனுஸ், என் முகத்தைப் பார்க்காமல். "சொன்னதும் சாவியைத் திருப்புங்க. சார், நீங்க கொஞ்சம் தலையை வெளிய எடுத்துக்கங்க." இவருக்குக் காதில் விழவில்லை. யூனுஸ் இரண்டாம் தரம் கூப்பிடுகிறான். நான் காத்திருக்கிறேன், எனக்கு ஒரு அவசரமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது. இவர் நிதானமாகத் தலையை எடுத்து, நிமிர்ந்து, செயினை எடுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொள்கிறார். திருப்புங்கம்மா. திருப்புகிறேன். ஃபேன் சுற்றுகிறது. சிவப்பு, மஞ்சள், பிள்ளைத்தாச்சி ஆள், எல்லாம் ஒன்றாக எரிகிறது, ஒவ்வொன்றாக அணைகிறது.

"அணைஞ்சிருச்சா?" என்று இவர் கேட்கிறார்.

"எல்லாம் அணைஞ்சிருச்சுங்க" என்கிறேன்.